சாவி தராதவருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய கட்டுமான நிறுவனத்தாருக்கு,

ஓ.எம்.ஆர். பக்கம், நான்காவது மாடி வரப்போகும் ஆகாயத்தை எனக்கு விற்றிருக்கிறீர்கள். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

“தீபாவளிக்குச் சாவி” என்று உங்கள் விற்பனைத் தம்பி சொன்ன சொல்லில்தான் மாம்பலத்து ஃப்ளாட்டை விற்றுப் பணம் கட்டினேன். வாங்கியவர் தங்கமான மனிதர். நீங்கள் சாவி தரும்வரை அங்கேயே வாடகைக்கு இருக்கச் சொல்லிவிட்டார். இப்போது என் பழைய வீட்டில் காலண்டர் மாட்ட வேண்டுமென்றாலும் அவருக்கு போன் போடுகிறேன். “ஆணி வேண்டாம் சார், ஸ்டிக்கர் கொக்கி ஒட்டிக்குங்க” என்கிறார். அந்தச் சுவரில் உள்ள ஓட்டையெல்லாம் நான் போட்டவை.

உங்கள் பஞ்சாங்க ஞானத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆடியில் கேட்டேன்: “ஆடியில யாரு சார் பால் காய்ச்சுவாங்க?” புரட்டாசியிலும் அதே பதில். ஐப்பசியில் மழை, பெயின்ட் காயாது. மார்கழி பீடை மாதம். தை பிறந்தது, ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றீர்கள். அவர்களுக்கு ஊர் ஒடிசா என்பதை நான் கிளறவில்லை.

கட்டி முடித்துச் சான்றிதழ் பெற்ற வீட்டை பில்டரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால் என்னிடம் 5 சதவீதம் வாங்கினீர்கள். ஆக, காத்திருப்பதற்கும் வரி கட்டியாயிற்று.

வருமான வரிச் சட்டம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், விற்ற தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் புது வீட்டைக் கட்டி முடித்திருக்க வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. உங்கள் நாட்காட்டியும் அதன் நாட்காட்டியும் ஒரே அச்சகத்தில் அடித்தவையல்ல. நடுவில் அகப்பட்டிருப்பவன் நான்.

ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் புரட்டினேன். காலநீட்டிப்புக்குக் காரணமாகப் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் என்று அடுக்குகிறது 6-ஆம் பிரிவு. மார்கழியைக் காணோம். 18-ஆம் பிரிவோ, குறித்த தேதிக்கு வீட்டை ஒப்படைக்காவிட்டால், விலகாமல் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தரச் சொல்கிறது.

நான் விலகவில்லை. வங்கிக் கணக்கு விவரம் இணைத்துள்ளேன். வட்டியை அனுப்புங்கள், அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
நான்காவது மாடிக்காரர்