கூடிய விரைவில்

மக்களவை தன் உறுப்பினர்களில் இருவரை, கூடிய விரைவில், சபாநாயகராகவும் துணை சபாநாயகராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவு. எத்தனை நாளைக்குள் என்று சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்கள் பெரிய மனதுக்காரர்கள். பின்னால் வருபவர்களுக்கும் வெட்கம் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

2014 முதல் 2019 வரை துணை சபாநாயகர் நாற்காலியில் நம்ம கரூர் தம்பிதுரை இருந்தார். 2019இல் கூடிய 17ஆவது மக்களவை, துணை சபாநாயகர் இல்லாமலே தன் ஐந்தாண்டையும் ஓட்டி முடித்தது. சுதந்திர இந்தியாவில் இது முதல் முறை. 2023இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ்கூட அனுப்பிப் பார்த்தது. 2024 ஜூனில் புது அவை வந்தது. அந்த ஆண்டும் போனது, ஆள் வரவில்லை. அந்தப் பதவியை எதிர்க்கட்சிப் பக்கம் தருவது ஒரு மரபு என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் விளங்காதது ஒன்றுமில்லை.

என் கவலை வேறு. சபாநாயகர் ராஜினாமா செய்ய விரும்பினால் கடிதத்தைத் துணை சபாநாயகருக்குத்தான் எழுத வேண்டும், 94ஆம் பிரிவு. அந்த ஐந்தாண்டில் அவருக்குச் சலித்துப் போயிருந்தால் யாருக்கு எழுதியிருப்பார், பாவம்? (சலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கும் இதே கூடிய விரைவில் கணக்கில்தான் சேர்ந்தது. வருமான வரிக்கு மட்டும் கடைசித் தேதி உண்டு, தவறினால் அபராதமும் உண்டு.

உங்கள் எம்.பி. அடுத்த காதுகுத்துக்கு வந்தால், பந்தியில் உட்காரும் முன், கூடிய விரைவில் என்றால் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.