பதினொரு மாத வீட்டுக்காரர்

கொள்ளிடப் பாலத்தைக் கடந்து வந்து, புதிய உத்தியோகத்தின் நிமித்தம் திருமானூர்க் கடைத்தெருவில் பெட்டியோடு இறங்குகிறவன் எவனாயினும், அவனுடைய சொந்த ஊர், சம்பளம், குடும்பத்தின் ஜனத்தொகை ஆகிய சகல விஷயங்களையும் ஒரு டீ ஆறுவதற்குள் விசாரித்து முடித்து, “சுவத்துல ஆணி அடிக்கிற பழக்கம் உண்டா தம்பி?” என்று கடைசியாக ஒரு கேள்வி போடுகிற பெரியவர்தாம் நம் வீட்டுக்காரர்.

எழுத்தின்மேல் அவருக்குள்ள பக்தி அபாரமானது. குழாயை மூடு, விளக்கை அணை, மாடியில் வடாம் காயவைக்காதே என்று அவர் கரிக்கட்டியால் சுவரில் பொறித்திருக்கும் சாசனங்களைப் படித்து முடிக்க அரை நாள் செல்லும். ஆனால், வாங்கிய அட்வான்ஸுக்கு ஒரு சீட்டு என்று வாயெடுத்தால், தினசரிக் காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்து, அதன் பின்புறத்தில் தொகையை மட்டும், கையெழுத்தில்லாமல், எழுதிக் கொடுப்பார்.

ஒப்பந்தம் என்றாலோ அவரிடம் ஒரு சரித்திர ஆட்சேபம் தயாராக இருக்கிறது. அவருடைய வீடு திருச்சி ஜில்லாவில் கட்டப்பட்டது. 1995-இல் பெரம்பலூருக்குப் போயிற்று. 2001-இல் அரியலூருக்கு வந்து, மறு வருஷமே பெரம்பலூருக்குத் திரும்பி, 2007-இல் மீண்டும் அரியலூரை அடைந்தது. “எந்த ஜில்லான்னு தம்பி பத்திரத்துல எழுதறது?” ஸ்தாவர சொத்து என்று சட்டம் அழைக்கும் ஒன்று இத்தனை பிரயாணம் செய்திருப்பது வாஸ்தவத்தில் ஆச்சரியந்தான்.

மிகவும் வற்புறுத்தினால் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்குச் சம்மதிப்பார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் புண்ணியத்தால், பஞ்சாங்கம் பன்னிரண்டு மாதம் சொன்னாலும் வீட்டுக்காரர்களின் வருஷத்துக்குப் பதினொன்றுதானே! 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டமோ, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து ஓர் எண் பெற வேண்டும் என்கிறது; வேறு உடன்படிக்கை இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் சொல்கிறது. இதை நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தபோது, ‘வேறு உடன்படிக்கை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அவர் காது வெகு கிரமமாகப் பற்றிக்கொண்டது. “அதான் நாம பேசிக்கிட்டோமே, பத்து மாசம்னு. மத்ததெல்லாம் பட்டணத்துச் சட்டம் தம்பி.”

“அந்தப் பதிவு எண்ணாவது வாங்கிவிடலாமே ஐயா?” என்றேன்.

அவர் சாவிக்கொத்து குலுங்க எழுந்து, என்னைத் திண்ணையோரம் அழைத்துச் சென்று, மீட்டர்ப் பெட்டியின்மேல் பெயிண்டால் எழுதியிருந்த மின் இணைப்பு எண்ணைத் துண்டால் துடைத்துக் காட்டினார்.

“நம்பர்தானே? பெருசா எழுதியிருக்கு பாருங்க. குறிச்சுக்கங்க.”