ஓட்டைக்கு ஓர் எண் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்: லோடு பிக்கப் வண்டி உரிமையாளர் ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு அதிகாரிகள், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், ஜெனீவா.

பொருள்: கேபின் மேல் விளக்குகள் – விளக்கு நனையாமை – டிரைவர் நனைதல் – ஓட்டைக்கும் தர எண் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விளக்கின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த 'ஐபி 67'.

ஐயா / அம்மா,

உங்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் பிக்கப்பின் டாப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐந்து மஞ்சள் விளக்குகளும் இந்த ஐப்பசி மழையில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. கண்ணாடிக்குள் ஆவி படியவில்லை, ஒரு எல்இடிகூட மங்கவில்லை. நீங்கள் வகுத்த எண் சத்தியமான எண். நனைந்தது என் வலது முழங்காலும், சட்டைப்பையில் இருந்த வாழைத்தார் கணக்குச் சீட்டும்தான். இரண்டுக்கும் ஐபி எண் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டு மோட்டார் வாகன விதிகளில் 107-ஆவது விதி, 2.1 மீட்டருக்கு மேல் அகலமான சரக்கு வண்டிக்கு உச்சியில் இரு மூலையிலும் விளக்கு வேண்டும் என்கிறது. என் பிக்கப் அந்த அகலத்துக்கு வராது. அதனால் சட்டம் என்னிடம் விளக்குக் கேட்கவில்லை. ஆனால் ஏரல் பக்கம் வாழை லோடு ஏற்ற நிற்கிற வண்டிகளைப் பார்த்தீர்களானால், டாப்பில் விளக்கில்லாத வண்டி மொட்டையாகத் தெரியும். மனுசன் ஆசைக்கு எந்த விதியில் அகலம் போட்டிருக்கிறது? போட்டாயிற்று.

போட்டவர் பக்கத்து ஊர் வயரிங் கடைத் தம்பி. நல்ல கைக்காரர். டாப் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. டிரில்லை வைத்ததும் வெண்ணெயாக இறங்கியது. விளக்குக்கு இரண்டு ஸ்குரூ, வயருக்கு ஓர் ஓட்டை. துளையிட்டபோது தெறித்த இரும்புப் பிசிறு வெள்ளை பெயிண்ட் மேலேயே கிடந்தது. யாரும் தட்டிவிடவில்லை. எங்கள் பக்கம் உப்பளக் காற்று. மறுநாள் காலைப் பனியில் ஒவ்வொரு பிசிறும் ஒரு மஞ்சள் புள்ளியாகிவிட்டது. துளையின் விளிம்பில் பெயிண்ட் போன பச்சை இரும்பு என்ன ஆகியிருக்கும் என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம். அது விளக்குக்கு அடியில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"தண்ணி எறங்குமாடே?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, பெட்டியப் பாருங்க. ஐபி 67. தண்ணிக்குள்ள முக்கி வச்சாலும் வெளக்குக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. உங்கள் 60529 என்ற தரநிலையைப் படித்துத் தெரிந்துகொண்டேன்: முதல் இலக்கம் ஆறு என்றால் தூசி புகாது, இரண்டாவது ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. ஏழு வாங்கியதால் மட்டும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள்; அதற்கு ஐந்தோ ஆறோ தனியாக வாங்கி, இரண்டு எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாஷ் அடிப்பவரிடம் இதைச் சொன்னேன். அவர் குழாயைத் திருப்பவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

தண்ணீருக்கான இலக்கத்தில் உங்கள் ஆகச் சிறிய சோதனை எண்ணான ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலிருந்து நேராக, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், 10 நிமிடம் சொட்டு விழச் செய்து பார்க்கிறீர்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 60 மில்லிமீட்டர். 2023 டிசம்பரில் எங்கள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி மணிக்கு 40 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக, வேகத்தில் உங்கள் ஆகச் சிறிய எண்ணே அந்தப் பெருமழையை மிஞ்சிவிடுகிறது! ஒரே வித்தியாசம், நீங்கள் பத்தாவது நிமிடத்தில் குழாயை மூடிவிடுகிறீர்கள். எங்களுக்கு மேலே அந்தக் குழாயை மூட ஆளில்லை. அன்று ஊரே மிதந்தது, வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மழையை வைத்துக்கொண்டு வண்டி விளக்கைப் பேச எனக்கு நாக்குக் கூசுகிறது. கணக்குக்காக மட்டும் சொன்னேன்.

என் வழக்கு இதுதான். விளக்குக்கு எண் உண்டு. விளக்கை மாட்டப் போட்ட ஓட்டைக்கு எண் கிடையாது. எண் இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லை. விளக்கு விற்ற கடையில் கேட்டால் "விளக்கு எரியுதுல்ல?" வண்டி விற்ற ஷோரூமில் கேட்டால் "டாப்பில் ஓட்டை போடச் சொன்னது யார்?" வயரிங் தம்பியிடம் கேட்டால் "சிலிக்கான் வச்சேனே அண்ணாச்சி." சிலிக்கான் ட்யூபைத் திருப்பிப் பார்த்தால், சுத்தமான உலர்ந்த பரப்பில் மட்டும் தடவவும் என்று இருக்கிறது. கார்த்திகை மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் உலர்ந்த பரப்புக்கு நான் எங்கே போவேன்?

அந்த சிலிக்கானைப் பற்றி ஒரு வார்த்தை. ட்யூபைப் பிதுக்கினால் காடி வாடை வந்தது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற ரகம் அது. கண்ணாடிக்கு நல்லது, பெயிண்ட் போன இரும்புக்கு ஆகாது. அதாவது, தண்ணீர் புகாமல் இருக்கத் தடவிய மருந்தே துருவுக்கு விருந்து வைத்தது. துரு தூக்கியதும் சிலிக்கான் விட்டுக்கொடுத்தது. அதன் மேலேயே வயரிங் தம்பி இன்னொரு சுற்றுத் தடவினார். பழைய சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட. இப்போது விளக்கைச் சுற்றிப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கேக் மாதிரி இருக்கிறது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

சுற்றிலும் அடைத்ததிலும் ஒரு வினை உண்டு. உங்கள் முதல் தலைவர் கெல்வின் பிரபு என்று படித்தேன். 1906-இல், லண்டனில் ஆணையம் தொடங்கியபோது. வெப்பநிலை அளவுக்கே தம் பெயரைத் தந்த மனிதர். அவர் இருந்தால் உடனே பிடித்திருப்பார். மத்தியான வெயிலில் டாப் கொதிக்கிறது, விளக்குக்கு அடியில் சிக்கிய காற்று விரிகிறது. திடீரென்று மழை. காற்று சுருங்குகிறது. சுருங்கும்போது எந்த மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போனதற்கு வெளியே வர வழி வேண்டாமா? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விளக்கின் தாழ்ந்த ஓரத்தில் அரை விரல் அளவு அடைக்காமல் விடுகிறார்கள். ஸ்குரூவையும் வயர் ஓட்டையையும் தனித்தனியாக அடைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும் என்பது முக்கியம்.

சொட்டும் இடத்தை நம்பி ஏமாறக் கூடாது என்பதும் உங்கள் கோப்பில் ஏற வேண்டும். எனக்குச் சொட்டியது ஸ்டீயரிங் பக்கம். புகுந்தது கிளீனர் பக்கக் கடைசி விளக்கின் ஸ்குரூவில். வண்டி சாய்ந்து நின்றதால், தகட்டின் குறுக்குச் சட்டத்திலும் வயர் மேலும் ஊர்ந்து, கேபின் முழுவதையும் கடந்து வந்து என் முழங்காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கண்டுபிடித்தது ஒரு டிங்கரிங் பெரியவர். ரூஃப் லைனிங்கை இறக்கிவிட்டு, தகட்டின் அடிப்பக்கம் முழுக்க முகத்துக்குப் போடும் பவுடரைப் பஞ்சால் ஒற்றினார். பையனை மேலே ஏற்றி, தாழ்வான பக்கத்திலிருந்து ஒவ்வொரு விளக்காக மக்கில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் தண்ணீர் போன தடம் கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. நீங்களும் தூசிச் சோதனைக்கு டால்கம் பவுடர்தான் போடுகிறீர்கள் என்று அறிந்தபோது, ஜெனீவாவுக்கும் எங்கள் டிங்கரிங் பட்டறைக்கும் ஏதோ பூர்வஜென்ம உறவு இருப்பதாகத் தோன்றியது.

அவர் வைத்தியமும் எளிது. விளக்கைக் கழற்றி, பழைய சிலிக்கானை பிளேடால் சுரண்டி, துருவைத் தேய்த்து, துளை விளிம்பில் பிரைமரும் பெயிண்டும் வைத்து முழுசாகக் காயவிடுவது. வயர் ஓட்டைக்கு ரப்பர் வளையம். தகடு வளைவு, விளக்கின் அடி தட்டை. அந்த இடைவெளியை நிரப்ப பியூட்டைல் டேப். அது காய்ந்து இறுகாது, வண்டி குலுங்கினாலும் கூடவே நெளிந்து கொடுக்கும். ஸ்குரூவுக்குப் பதில் ரப்பர் வாஷர் போட்ட போல்ட். வயரை உள்ளே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால், அதைப் பிடித்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குப் போகாது.

ஆகவே வேண்டுகோள்: ஓட்டைக்கும் ஓர் எண் வரிசை தாருங்கள். போட்டவர் பார்க்காமல் போன ஓட்டைக்குப் பூஜ்யம். சிலிக்கான் மேல் சிலிக்கான் பூசியதற்கு ஒன்று. பெயிண்ட் வைத்து, டேப் வைத்து, மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காசு வாங்கியதற்கு ஒன்பது. எண்ணை விளக்குப் பெட்டியில் அச்சிட வேண்டாம். கடைக்காரர் கையெழுத்தோடு பில்லில் எழுதினால் போதும்; அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

இன்னொன்று. 12 மில்லிமீட்டர் பருமன், 80 மில்லிமீட்டர் நீளம், மூட்டு வைத்த உலோக விரல் ஒன்றால் மனித விரல் உள்ளே போகுமா என்று சோதிக்கிறீர்களாம். அதை ஒரு வாரம் இரவல் தரவும். எங்கள் வட்டாரத்தில் வயருக்குப் போடும் ஓட்டைக்குள் அது தாராளமாகப் போகும்.

இப்படிக்கு,
ஐபி 00 மதிப்புள்ள ஒரு டிரைவர்.

இணைப்பு: ரூஃப் லைனிங் துண்டு ஒன்று (காய்ந்ததும் தனித் தபாலில்).