ஊமை மணிக்கு ஓகே முத்திரை

நம் ஊரில் ஃபயர் அலாரம் மெயின்டனன்ஸ் பார்க்க என்ன தகுதி வேண்டும்? ஏணி ஏறத் தெரிய வேண்டும். ரிஜிஸ்டரில் ‘ஓகே’ என்று எழுதத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேனலில் சைலன்ஸ் பட்டன் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நானூறு படுக்கை ஆஸ்பத்திரியை அவரை நம்பி ஒப்படைக்கலாம். ஒப்படைத்துக்கொண்டும் இருக்கிறோம்.

230 வோல்ட்டில் கை வைக்க அரசாங்கம் சான்று கேட்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருஷம். அதற்கு மேல் மின் உரிம வாரியம், வயர்மேன் சான்று, சூப்பர்வைசர் சான்று. நல்லது, கேட்க வேண்டியதுதான். ஆனால் ஃபயர் அலாரம் வயரில் ஓடுவது பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. தொட்டால் ஷாக் அடிக்காது. தொட்டவனைக் கொல்லாத கரண்டுக்கு எதற்குச் சான்று? அது தொடாதவர்களைத்தான் கொல்லும். அதுவும் வேறொரு நாளில், வேறொரு மாடியில், தூக்கத்தில்.

விதி இல்லையா என்று கேட்காதீர்கள். விதிக்கு நம் நாட்டில் என்றைக்குப் பஞ்சம்? ஐ.எஸ். 2189 என்று ஓர் இந்தியத் தரநிலை இருக்கிறது. டிடெக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுக்கத் தீ பற்றித்தான். டெண்டரில் இந்த எண்களைப் போடாதவர் கிடையாது. புத்தகத்தைத் திறந்து பார்த்தவரைத்தான் வலை வீசித் தேட வேண்டும்.

இந்த வேலைக்கு அனுப்பப்படும் எலக்ட்ரீஷியனை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தொழில் தெரிந்தவர். சிக்கலே அங்கேதான். அவருக்குத் தெரிந்த தொழில் இது இல்லை.

சாதாரண பேனல் ஒவ்வொரு ஜோனுக்கும், அதாவது ஒரே வயரில் கோத்த டிடெக்டர் வரிசைக்கும், கொஞ்சம் கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். வரிசையின் கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதன் வழியாக அந்தக் கரண்டு ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பேனல் இரவும் பகலும் பார்க்கும். வயர் எங்காவது அறுந்தால் உடனே ‘ஃபால்ட்’ என்று காட்டும். இது நடக்க வேண்டுமானால் வயர் ஒவ்வொரு டிடெக்டருக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். வீட்டு வயரிங்கில் பழகிய கை என்ன செய்யும்? நடுவில் ஒரு ஜாயின்ட் அடித்து, கிளை பிரித்து, புது அறைக்கு இழுத்துவிடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். இங்கே அந்தக் கிளை நாளைக்கு அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. அந்த அறை பேனலின் கணக்கில் பாதுகாப்பாக இருக்கும், பூமியில்தான் இருக்காது.

இவரை மிஞ்சிய கெட்டிக்காரரும் உண்டு. எவ்வளவு தேடியும் ஃபால்ட் தீரவில்லையா? கடைசி ரெசிஸ்டரைக் கழற்றிக் கொண்டுவந்து பேனலுக்குள்ளேயே டெர்மினலில் முறுக்கிவிடுவார். தீர்ந்தது. இனி அந்த மாடியின் வயர் முழுவதையும் எலி தின்னட்டும், திருடன் உருவிக்கொண்டு போகட்டும், பேனலில் பச்சை விளக்கு எரியும். மாலையில் மேனேஜர் வந்து பார்த்து, “பரவாயில்லையே, போன ஆளால முடியல, இவன் சரி பண்ணிட்டான்” என்று பாராட்டுவார். டீக்குக் காசும் கிடைக்கும்.

இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் பிடிக்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நல்ல பாடம்தான். டிடெக்டர்களைக் கழற்றாமல் மெக்கரின் 500 வோல்ட்டை அலாரம் வயரில் செலுத்தினால் உள்ளே இருக்கும் நுண்ணிய சர்க்யூட்டெல்லாம் செத்துப்போகும் என்பது அடுத்த பாடம். அந்த வகுப்பை யாரும் நடத்தவில்லை.

சோதனை நடக்கும் அழகைப் பார்க்க வேண்டும். டிடெக்டரைச் சோதிக்க அதற்கென்றே புகை ஸ்பிரே விற்கிறார்கள். வாங்கித் தரமாட்டார்கள். எனவே சாமிக்குக் காட்டுவதுபோல் ஊதுபத்தி. அதுவும் லிஃப்டுக்குப் பக்கத்தில், ஏணி சுலபமாக எட்டுகிற ஒரே ஒரு டிடெக்டருக்கு. மேல் மாடிகளில் பெயின்ட் அடித்தபோது தூசி விழாமல் மாட்டிய பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கிறது. பேனலுக்குள் கரண்டு போனால் கைகொடுக்க வேண்டிய இரண்டு பாட்டரிகள் எப்போதோ உயிரை விட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதே 12 வோல்ட் பாட்டரி அக்கவுன்ட்ஸ் அறை யு.பி.எஸ்.ஸுக்கும் கனகச்சிதமாகப் பொருந்தும் என்பது அதன் தலைவிதி. தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைப்பார்கள். பில் போட்ட கம்ப்யூட்டர் ஓடும். அலாரம் ஓடாது.

இத்தனைக்கும் மேல், அந்த மனிதருக்கு வரும் உத்தரவு என்ன தெரியுமா?

“ஏம்ப்பா, மறுபடி அடிக்குது. பேஷன்ட்டெல்லாம் பயப்படுறாங்க.”

“டிடெக்டர் ஏ.சி. காத்து வர்ற இடத்துல இருக்கு சார். தள்ளி மாட்டணும்.”

“அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல சத்தத்த நிறுத்து.”

நிறுத்துகிறார். இப்படி ஒவ்வொரு ஜோனாக நிறுத்தப்பட்டு, ஹூட்டர் துண்டிக்கப்பட்டு, ‘அலாரம் வந்தால் லிஃப்ட் தரைத்தளத்துக்குப் போய்விடுகிறது, பெரிய டாக்டர் கோபப்படுகிறார்’ என்று அந்த இணைப்பும் கழற்றப்பட்டு, கட்டடம் பரிபூரண அமைதி அடைகிறது. லிஃப்டில் சிக்கியவர்களைப் புகை சூழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரித் தீயில் பார்த்தோம். இரண்டு நாள் அழுதோம்.

அழுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. 1997 ஜூன் 13, டெல்லி உபஹார் தியேட்டர். தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மர் அன்று காலையிலேயே ஒருமுறை பற்றிக்கொண்டது. மின்வாரிய ஆட்கள் வந்தார்கள். கேபிள் சாக்கெட்டை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மெஷின் கொண்டுவரவில்லை. டையை வைத்து, சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டுப் போனார்கள். மாலைக்குள் அந்த இணைப்பு தளர்ந்தது, கீழே நின்ற கார்கள் எரிந்தன, புகை மாடிப்படி வழியாகப் பால்கனிக்கு ஏறியது. ‘பார்டர்’ படம் பார்க்க வந்தவர்களில் 59 பேர் செத்தார்கள். வெளியேறச் சொல்லி ஒரு அறிவிப்புக்கூட வரவில்லை. ஒரு மெஷினுக்குப் பதில் ஒரு சுத்தியல். இதைத்தான் நாம் இன்றும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்கிறோம்.

2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரி. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியும் சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 90 பேர், பெரும்பாலும் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள், புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. நம்ப முடியாத குற்றச்சாட்டா அது?

2024 நவம்பர் 15, ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரி. பச்சைக் குழந்தைகள் வார்டு. அன்றிரவே 10 சிசுக்கள். மறுநாள் வந்த மாநிலத் துணை முதல்வர் சொன்ன தகவல்: பிப்ரவரியில் ஃபயர் சேஃப்டி ஆடிட் முடிந்தது, ஜூனில் ஒத்திகையும் நடந்தது. ஆறுதலாக இருக்கிறதா? எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. குழந்தைகள்தான் முறை தவறி எரிந்துபோயின.

மகாராஷ்டிரம் நம்மைவிடப் புத்திசாலி. 2006-லேயே சட்டம் போட்டு, உரிமம் பெற்ற ஏஜென்சிகள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எல்லாம் இயங்குகிறது என்று சான்று தர வேண்டும் என்றது. 2021-ல் பண்டாரா மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் 10 சிசுக்கள் தீயில் இறந்ததும் ஒரு ஜனவரியில்தான்.

பேனல் தயாரிக்கும் கம்பெனிகள் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. சில நாள் வேலைதான். ஏன் ஆளை அனுப்பவில்லை என்று கேட்டால் ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் கூசாமல் சொல்வார்: “கத்துக் குடுத்தா வேற கம்பெனிக்கு ஓடிருவான் சார்.” மேலும் கேட்டால், குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தேன், துடைப்பத்துக்கும் அலாரத்துக்கும் சேர்த்து ஒரே பில், இதில் பயிற்சி எங்கே என்பார். ஆஸ்பத்திரியைக் கேட்டால், தீயணைப்புத் துறையின் என்.ஓ.சி. இருக்கிறதே என்பார்கள். என்.ஓ.சி. தந்தவரைக் கேட்டால், நான் வந்த அன்று பேனலில் பச்சை விளக்கு எரிந்தது என்பார். எரிந்திருக்கும். அதற்குத்தானே ரெசிஸ்டரை முறுக்கியது. தீப்பிடித்த பிறகு கைதாகிறவர்கள் பட்டியலில் ஏணி ஏறியவர் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ரயில்பெட்டிபோல் பட்டங்கள். சட்டப்படி அவர்கள் பதிவு எண்ணும் காட்ட வேண்டும். அலாரம் பேனலுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு போர்டு வைக்கச் சொல்லிப் பாருங்கள்: பராமரிக்கிறவர் பெயர், இந்த பேனலில் பயிற்சி பெற்ற இடம், எந்த வார்டின் எந்த டிடெக்டரைக் கடைசியாக எந்தத் தேதியில் புகை காட்டிச் சோதித்தார், அப்போது ஹூட்டர் சத்தம் படுக்கைவரை கேட்டதா. வைக்க மாட்டார்கள். செலவுக்குப் பயந்து இல்லை. எழுத என்ன இருக்கிறது?