ஏழா, ஒன்பதா?

கண்காட்சி அறிவிப்பு வந்த வாரத்தில் அமிர்தி அச்சோவியர் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதீர்கள். வேலூர் திரும்பும் பஸ் போய்விடும்.

நடுவர் குழு மூன்று படைப்புகள்தான் கேட்கிறது. அதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்: அருவி, மான், சாமை அறுப்பு. (1967 முதல் இங்கிருக்கும் வனத்துறை மிருகக்காட்சிசாலையில் அவர் உளிக்குத் தப்பிய பிராணி கிடையாது.) சிக்கல் அதற்கப்புறம்தான். ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி போட்டிருக்கிறாரே, எந்தப் பிரதியை அனுப்புவது?

"தம்பி, ஏழையும் ஒன்பதையும் பாரு."

பார்த்தேன். அடியில் பென்சிலில் 7/10, 9/10. மேலே அதே அருவி, அதே பாறை, அதே குரங்கு.

"ஏழுல தண்ணி விழுது. ஒன்பதுல நிக்குது. தெரியுதா?"

ஏழு என்று சொன்னால், "அப்ப ஒன்பதுல இன்னா கொறை கண்ட?" என்பார். ஒன்பது என்றால் ஏழுக்கு வக்காலத்து. இரண்டும் ஒன்றுதானே அண்ணா என்ற ஒருவன் காப்பி கிடைக்காமல் மலையிறங்கினான். ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ஐந்தாம் பிரதிக்கும் வாய்ப்பு உண்டு என்ற எண்ணம் வந்துவிடும்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் அச்சு இயந்திரம் கிடையாது. லினோலியத்தைச் செதுக்கி, ரோலரால் மை தடவி, தாளைப் போர்த்தி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் படம் எடுக்கிறார். ஏழாவது பிரதியில் இருந்த கைவலு ஒன்பதில் இருக்காது. கரண்டி சமையலறையுடையது. அண்ணி இப்போதெல்லாம் சாம்பாரை டம்ளரில் மொண்டு ஊற்றுகிறார்.

மடக்கினால் ரெம்ப்ராண்டை இழுப்பார். 1653-இல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டை அந்த மனுஷர் பின்னால் சுரண்டித் திருத்தி வேறு படமாகவே ஆக்கினாராம். உண்மைதான். ஆனால் அவர் மாற்றியது தகட்டை. இவர் மாற்றியது கரண்டிப் பிடியை. அடுத்து கிருஷ்ணா ரெட்டி வருவார். "நம்ம பக்கத்துச் சித்தூர் மாவட்டத்துக்காரர்தான். பாரிஸுக்குப் போய், மையோட பிசுபிசுப்பை வெச்சே ஒரே தகட்டுல பல நிறம் எடுத்தாரு. மைன்னா சாதாரணமா?"

ஒருமுறை ஏற்பாட்டாளர் ஒருவர், "இது ஜெராக்ஸா சார்? அசல் எங்கே?" என்றார். இவரா, கோபமே படாமல், ஒவ்வொரு பிரதியும் அசல்தான் என்று கால் மணி நேரம் விளக்கினார். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முதல் சுற்றுத் தேர்வு இப்போது செல்போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதில் ஏழும் ஒன்பதும் கறுப்பாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி போட்ட காசும் திரும்பாது. இது தெரிந்தும் அடுத்தவன் சாயங்காலத்தைத் தின்பது என்ன நியாயம்?

கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று தேய்த்தார். பத்து என்று எழுதியபின் பதினொன்று போடுவது அச்சோவியருக்குப் பாவம். அதற்கும் பரிகாரம் வைத்திருக்கிறார்கள்: 'கலைஞர் பிரதி' என்று எழுதிக்கொள்ளலாம்.

ஈரம் காயுமுன் தூக்கிப் பிடித்து, "எப்டி?" என்றார்.

"ஒன்பது மாதிரி இருக்குண்ணா."

"ஏழு மாதிரி இல்ல?"