கீபோர்டு செத்தால் கீபோர்டில் தட்டவும்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டிடிபி கடையில் லினக்ஸ் வந்தது கொள்கைப் பற்றால் அல்ல, லைசென்ஸ் காசு மிச்சம் என்பதால். கரண்ட் பில்லையும் குறைக்கலாமே என்று கடைக்காரர் ‘பவர்டாப்’ என்ற கருவியில் ஆட்டோ டியூன் போட்டுவிட்டார். அது கண்டுபிடித்த சிக்கனம், இரண்டு விநாடி சும்மா இருந்தால் மவுஸைத் தூங்க வைப்பது, பெயர் ஆட்டோசஸ்பெண்ட். தட்டினால் எழ வேண்டும். மலிவு மவுஸ் எழாது. பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் காலையிலிருந்து கொதிக்கிறது, அதைக் கேட்பாரில்லை.

“தம்பி, எலி செத்துப்போச்சா?” என்றார் பட்டா நகலுக்கு வந்த அம்மா.

“சாகலம்மா, தூங்குது.”

வைத்தியம் சுலபம்: டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்யுஎஸ்பி’ அடி, ‘டிமெஸ்ஜி’ படி, ஆட்டோசஸ்பெண்டுக்கு மைனஸ் ஒன்று கொடு. ஆனால் அடிக்க வேண்டிய கீபோர்டும் அதே குறட்டையில். 2011-இல் தமிழக அரசு தந்த இலவச லேப்டாப்பிலும் ‘பாஸ்’ லினக்ஸ் இருந்தது. அதில் கீபோர்டும் ஒட்டியே வந்தது, பிழைத்தோம்.

கடைசியில் பரணிலிருந்து இறங்கியது ஊதா முனை பிஎஸ்/2 கீபோர்டு. அதற்கு யுஎஸ்பியின் தூக்க விதியெல்லாம் தெரியாது. ஆனால் அதை மாட்டினால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்; அது ஆவதற்குள் அம்மா அடுத்த கடைக்குப் போய்விட்டார்.