எட்டை 32 ஆக்கிய தொல்காப்பியர்

உடலில் வெளிப்படும் உணர்ச்சியான மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்து 32 ஆக்கினார். பாவம், அவர் காலத்தில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி கிடையாது. இன்று அதில் ஒரு குழு தொடங்கினாலே எமோட் எனும் அசையாத குட்டிப் படங்களுக்கு 50 இடம் இலவசம். காசு போட்டு பூஸ்ட் செய்தால் 250 வரை உணர்ச்சிவசப்படலாம்.

தமிழ்க் குழுக்களுக்குக் கவலையே இல்லை, வடிவேலு இருக்கிறார். அவருடைய கைப்புள்ள பாத்திரம் அடிவாங்கும் முன், வாங்கும்போது, வாங்கிய பின் என்று அதிலேயே மூன்று. படம் 256 கேபிக்குள் இருக்க வேண்டும்; துக்கமானாலும் அளவு முக்கியம். எமோட்டின் பெயரில் ஆங்கில எழுத்துதான் செல்லும் என்பதால், தமிழ்ப்பற்றுக் குழுவிலும் பெயர்சூட்டு விழா ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அசையும் முகங்களைப் பயன்படுத்த மாதச் சந்தா கட்ட வேண்டும். நியாயம்தானே? கட்டாதவர்கள் அசையாமல் அழட்டும்.

இதையெல்லாம் கட்டிக் காப்பவர் அட்மின். நடுராத்திரியில் வடிவேலுவின் காதோரம் ஒட்டியிருக்கும் பின்னணியை ஒவ்வொரு பிக்சலாகச் சுரண்டி எடுக்கும் அந்தப் பொறுமைக்குப் பத்மஸ்ரீகூடக் குறைவு.

ஐம்பதும் நிரம்பினால் ஒன்றை நீக்கியாக வேண்டும். உடனே வாக்கெடுப்பு. உள்ளாட்சித் தேர்தலுக்கு எட்டிப்பார்க்காத கூட்டம் இதற்கு முண்டியடித்து வருகிறது. ஒரு குழுவில், கைப்புள்ளயின் நான்காவது அடிக்கு இடம் வேண்டி, யாருமே தொடாமல் கிடந்த 'நன்றி' எமோட்டை ஏகமனதாகத் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த பூஸ்ட் வரும்வரை உறுப்பினர்கள் தயவுசெய்து நன்றி மறக்கவும்.